படுத்தால் உடம்புக்குள் அதிர்கிறதா? முதலில் நேரத்தைக் குறித்து வையுங்கள்

ஓடுகிற கிரைண்டர் மேல் கையை வைத்தால் உள்ளங்கையில் ஓர் அதிர்வு தெரியும் அல்லவா? அதே அதிர்வு முதுகுத்தண்டுக்குள் ஓடுவது போல இருக்கும். கையைத் தூக்கிப் பார்த்தால் நடுக்கம் இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால், "ஒண்ணும் தெரியலையே" என்பார். ஆனால் உள்ளே மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு இது 43 வயதில் வந்து, நான்கு மாதம் காரணமே பிடிபடவில்லை. ஈசிஜி, சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாமே நார்மல். மருந்துக்கடையில் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாமியார் வாய்வு என்றார். மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர்தான் உருப்படியாக ஒன்று கேட்டார்: "படுத்த உடனேயா, நடு ராத்திரியா, விடியும்போதா? வேற வீட்ல படுத்தாலும் வருதா?" நான்கு மாதமாக அவதிப்பட்ட எனக்குப் பதில் தெரியவில்லை. எப்படி இருக்கிறது என்று அரைமணி நேரம் விளக்கத் தெரிந்தது. எப்போது வருகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

இந்தத் தொல்லையில் துப்பு அங்கேதான் இருக்கிறது. உள்ளே உணரும் அதிர்வைக் காட்டும் ஸ்கேன் கிடையாது. நேரமும் சூழலும்தான் மருத்துவருக்கு வழி காட்டும். அதனால் கீழே உள்ளதை உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்பிலிருந்து படியுங்கள். அதற்கு முன்னால் ஒரு வாரம் தலையணைக்குக் கீழே நோட்டும் பேனாவும் வைத்து, அதிர்வு வரும்போதெல்லாம் மணி என்ன, உடம்பில் எந்த இடம், எவ்வளவு நேரம், அன்று மாலை என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு வரி போதும்.

உடனே கிளம்ப வேண்டியவை

ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது அல்லது வலு இழப்பது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, நெஞ்சை அழுத்தி வியர்த்துக் கொட்டுவது, மயங்கி விழுவது, தூக்கத்தில் கை கால் வெட்டி இழுத்து நாக்கைக் கடித்துக்கொள்வது. இதில் எது இருந்தாலும் நோட்டெல்லாம் வேண்டாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

"இந்தக் கட்டிலில் படுத்தால் மட்டும் வருகிறது"

இதை யாரும் முதலில் சோதிப்பதில்லை. ஆனால் இதுதான் செலவே இல்லாத சோதனை. அதிர்வு உங்களுக்குள் இருக்கிறதா, கட்டிலில் இருக்கிறதா?

பகலில் நூறு சத்தத்துக்கு நடுவே தெரியாத அதிர்வு, ராத்திரி காது தலையணையிலும் முதுகு மெத்தையிலும் அழுந்தியிருக்கும்போது நன்றாகவே தெரியும். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர், ஏசியின் வெளி யூனிட், கீழ் வீட்டுத் தண்ணீர் மோட்டார், சற்றே ஆடும் மின்விசிறி எல்லாமே சுவர் வழியாகவும் தளம் வழியாகவும் கட்டிலுக்கு அதிர்வைக் கடத்தும். காதுக்குக் கேட்காத அளவு மெல்லியதாக இருந்தாலும் உடம்புக்குத் தெரியும்.

நான் செய்தது இது. ஃபேனை நிறுத்தினேன். ஓடினால் காற்றிலேயே தண்ணீர் அசைந்துவிடும். எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் வைத்தேன். விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்வாகத் தண்ணீர் மேல் அடித்தேன். தண்ணீரை உற்றுப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தண்ணீரில் பட்டு எதிர்ச்சுவரில் விழுந்த வெளிச்ச வட்டம் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. மணி 3:40. பன்னிரண்டு நிமிடம் கழித்து அந்த நடுக்கம் சட்டென்று நின்றது. என் முதுகில் ஓடிக்கொண்டிருந்ததும் அதே நொடியில் நின்றது. என் தொல்லையில் பாதி அது. தலைமாடு ஒட்டியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஃபிரிட்ஜ். மறுநாள் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, கால்களுக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்தோம்.

டம்ளர் சோதனைக்குத் துணையாக இரண்டு கேள்விகள். கரண்ட் போனபோது அதிர்வும் நின்றதா? ஊருக்குப் போய்ப் பாயில் படுத்த இரவு வந்ததா? இரண்டுக்கும் வரும் பதில் வெளிக் காரணத்தையே காட்டினால் மருத்துவச் செலவுக்கு முன் கட்டிலை நகர்த்துங்கள். எனக்கு மிச்சமிருந்த பாதி மட்டும் எந்தக் கட்டிலுக்கும் கூடவே வந்தது.

"நாடித் துடிப்போடு சேர்ந்து வருகிறது"

அதிர்வு இருக்கும்போதே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பாருங்கள். தும்... தும்... என்று அதே தாளத்தில் உடம்பும் அசைந்தால் அது இதயத்தின் உதைப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் ரத்தத்தை ஒரு பக்கம் தள்ளும்போது உடம்பு எதிர்ப்பக்கம் நூலளவு நகர்கிறது. 1930-களின் இறுதியில் ஐசக் ஸ்டார் என்ற அமெரிக்க மருத்துவர் நோயாளியைத் தொங்கும் மேசையில் படுக்கவைத்து இந்த அசைவைப் பதிவு செய்தார். இன்று மெத்தைக்கு அடியில் வைத்துத் தூக்கத்தில் இதயத்துடிப்பை அளக்கும் பட்டைகள் வேலை செய்வதும் இதே அடிப்படையில்தான். ஆகவே அது கற்பனை இல்லை, எல்லோருக்கும் உள்ளதுதான். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் கூடுதலாகத் தெரியும்.

முன்பு தெரியாமல் இருந்து இப்போது கட்டிலே ஆடுவது போலத் தெரிந்தால் கவனிக்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, காய்ச்சல், கர்ப்பம் எல்லாம் துடிப்பைப் பலமாக்கும். படுத்து ஓய்வில் இருக்கும்போதே நாடி 100-க்கு மேல் ஓடினாலோ, தாளம் தப்பித் தப்பி வந்தாலோ ஈசிஜி எடுத்துப் பார்ப்பது அவசியம்.

"கண் அயரும்போது தூக்கிப் போடுகிறது"

படியில் கால் தவறியது போல ஒரு உதறல், அதோடு விழிப்பு. பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது வருவது, ஆபத்தில்லாதது. தூக்கம் கெட்ட நாட்களிலும், மாலையில் காபி குடித்த நாட்களிலும், மனசு அலைபாயும் நாட்களிலும் அதிகமாகும். காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியில் பாதி, பதினொரு மணிக்கு நீங்கள் படுக்கும்போதும் ரத்தத்தில் இருக்கிறது.

சிலருக்கு இதே நேரத்தில் தலைக்குள் பட்டாசு வெடித்தது போலச் சத்தம் கேட்கும், வலி இருக்காது. அதுவும் தூக்கத்தின் வாசலில் நடக்கும் ஒன்றுதான். பயப்பட வேண்டாம்.

"முழித்துவிட்டேன், அசைய முடியவில்லை, உடம்பெல்லாம் ரீங்காரம்"

நம் ஊரில் இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். நெஞ்சில் யாரோ உட்கார்ந்த பாரம், அறைக்குள் ஆள் நிற்கும் உணர்வு, காதுக்குள் வண்டு பறக்கும் ஓசை, தலை முதல் கால் வரை மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு.

நடப்பது இதுதான். கனவு வரும் கட்டத் தூக்கத்தில், கனவில் ஓடுவதை நிஜத்திலும் ஓடிவிடாமல் இருக்க மூளை உடம்பின் தசைகளைத் தற்காலிகமாகக் கட்டிப்போடுகிறது. சில நேரம் விழிப்பு முந்திக்கொள்கிறது, கட்டு அவிழத் தாமதமாகிறது. அந்த இடைவெளியில் கனவின் மிச்சம் கண்ணிலும் காதிலும் தோலிலும் ஓடுகிறது. நூற்றில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்திருக்கிறது. சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானே விட்டுவிடும்.

வந்தால் திமிறாதீர்கள். கால் கட்டைவிரலை மட்டும் அசைக்க முயலுங்கள், மூச்சை நிதானமாக விடுங்கள். மல்லாந்து படுத்தால் அதிகம் வரும், ஒருக்களித்துப் படுங்கள். ஷிஃப்ட் மாறும் வாரங்களிலும், பகலில் தூங்கி இரவில் விழிக்கும்போதும் கூடும். இதோடு பகலில் அடக்க முடியாத தூக்கமும், சிரித்தாலோ கோபப்பட்டாலோ முழங்கால் துவண்டு போவதும் இருந்தால் நார்கோலெப்சி என்ற தூக்க நோயா என்று நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

"காலில்தான், நீட்டிப் படுத்ததும் குடைய ஆரம்பிக்கிறது"

என் மிச்சப் பாதி இது. வலி இல்லை, எரிச்சலும் இல்லை. கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வது போலவும் கம்பி அதிர்வது போலவும் இருக்கும், காலை அசைத்தே ஆக வேண்டும் என்று தோன்றும். எழுந்து ஹாலில் நான்கு நடை நடந்தால் போய்விடும், படுத்தால் திரும்ப வரும். சாயங்காலத்துக்கு மேல்தான் தொல்லை.

அசைக்கத் தூண்டுவது, ஓய்வில் வருவது, அசைத்தால் அடங்குவது, மாலை இரவில் மோசமாவது. நான்கும் சேர்ந்தால் அமைதியற்ற கால் நோய் என்று பெயர். வீட்டில் நாம் கால் குடைச்சல் என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொள்வோம். கார்ல் எக்போம் என்ற சுவீடன் மருத்துவர் 1945-இல் இதை விரிவாக எழுதியதால் அவர் பெயரும் இந்த நோய்க்கு உண்டு.

பலருக்கு இதன் வேர் இரும்புச்சத்துக் குறைவு. இங்கேதான் எல்லோரும் ஏமாந்து போகிறோம். ஹீமோகுளோபின் நார்மல் என்றால் இரும்பும் சரியாக இருக்கிறது என்று நினைக்கிறோம். ஹீமோகுளோபின் என்பது அன்றாடம் சமைக்கும் அரிசி. சேமிப்பைச் சொல்வது ஃபெரிட்டின், அதாவது குதிரில் உள்ள நெல். குதிர் காலியாகி வெகுநாள் கழித்துத்தான் பானையில் தெரியும். கால் குடைச்சல் உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் 75-க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் வழி. ஆனால் ஆய்வகத் தாளில் 15, 20 இருந்தாலும் நார்மல் என்றே அச்சாகி வரலாம். எனக்கு 11 இருந்தது. மாதவிடாய் அதிகமாகப் போய்க்கொண்டிருந்ததை நான் யாரிடமும் சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர்களுக்கு இரும்பு ஏற்கெனவே அதிகமாக இருக்கலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் எலுமிச்சைச் சாறோடு போடுங்கள், டீ காபிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் உடம்பில் இரும்பு ஏறுவதைக் குறைத்துவிடும். எனக்கு ஆறு வாரத்தில் குறைய ஆரம்பித்து, மூன்று மாதத்தில் அடங்கியது.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் சிறுநீரகக் கோளாறிலும் இந்தக் குடைச்சல் வரும். சளிக்கும் அரிப்புக்கும் போடும், தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் இதை மோசமாக்கும். பாதத்தில் மதமதப்பும் எரிச்சலும் சேர்ந்திருந்தால் கூடவே வைட்டமின் பி12 பாருங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையைப் பல ஆண்டு போடுபவர்களுக்கும் அது குறைவது சகஜம்.

"நடு ராத்திரி வெடவெடவென்று எழுகிறேன், நைட்டி நனைந்திருக்கிறது"

இன்சுலின் போடுபவர், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் வேறெதையும் யோசிக்காமல் குளுக்கோமீட்டரை எடுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் தாழ்சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. லட்டு, சாக்லேட் வேண்டாம், கொழுப்பு சேர்ந்திருப்பதால் மெதுவாக ஏறும். ஆள் நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள். கெட்ட கனவு, காலையில் தலைவலி, ராத்திரி சாப்பாட்டைக் குறைத்த நாட்கள் இவையும் சேர்ந்து வந்தால் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

சர்க்கரை சரியாக இருக்கிறது, ஆனால் மூச்சு முட்டி எழுகிறீர்கள், குறட்டை பலமாக வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று சோதிக்க வேண்டும். ஒவ்வொரு தடைக்கும் உடம்பு அட்ரினலினைக் கொட்டித்தான் உங்களை எழுப்புகிறது. அந்த வெடவெடப்பு அதன் வால். இரண்டும் இல்லாமல், நெஞ்சு படபடத்து, செத்துவிடுவோமோ என்ற பயத்தோடு எழுந்து 10, 20 நிமிடத்தில் அடங்கினால் தூக்கத்தில் வரும் பீதித் தாக்குதலாக இருக்கலாம். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரிடம் போகக் கூச்சமாக இருந்தால் இந்தியாவில் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு உடம்பு திடீரென்று அனலாகி வியர்ப்பது மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தின் அடையாளமாகவும் இருக்கும்.

"பகலிலும் கை லேசாக நடுங்குகிறது"

கைகளை நேராக நீட்டி, விரல்களை விரித்து, மேலே ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். தாளின் ஓரம் படபடவென்று ஆடுகிறதா? எல்லோருடைய தசையிலும் நொடிக்கு 8 முதல் 12 முறை நுண்ணிய நடுக்கம் எப்போதும் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அதைப் பெரிதாக்குபவை காபி, பதற்றம், தூக்கமின்மை, அப்புறம் தைராய்டு. பசி இருந்தும் எடை குறைகிறது, மற்றவர்கள் போர்த்திக்கொள்ளும்போது உங்களுக்குப் புழுங்குகிறது என்றால் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். ஏற்கெனவே தைராக்சின் மாத்திரை போடுபவர்களுக்கு அளவு கூடிவிட்டாலும் இதே கதைதான்.

"மாத்திரை மாற்றியதிலிருந்து" அல்லது "நிறுத்தியதிலிருந்து"

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமால், தியோஃபிலின் இரண்டும் நேரடியாகவே நடுக்கம் தரும். மூக்கடைப்பு மாத்திரைகளும் படபடப்பைக் கொடுக்கும். இவை எளிதில் பிடிபடும். பிடிபடாதது வேறு. வாய்வு, நெஞ்செரிச்சல் என்று சொன்னால் அமிலம் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடு சேர்ந்த மாத்திரையைப் பலரும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். மாதக்கணக்கில் போட்டால் இது மூளையில் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தடுத்து, பார்கின்சன் நோய் போன்ற நடுக்கத்தையும் உள்ளே அடங்காத ஒரு தவிப்பையும் உண்டாக்கும். தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஃபுளுனரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் இவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு, முதியவர்களிடம் அதிகம். அதிர்வை வாய்வு என்று நினைத்து இந்த மாத்திரையைத் தொடர்ந்தால் அதிர்வு கூடத்தான் செய்யும். அமிலம் குறைக்கும் மருந்தையே ஆண்டுக்கணக்கில் போட்டால் மெக்னீசியம் குறைந்து தசை துடிப்பதும் உண்டு.

நிறுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற தூக்க மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் உடம்பு உள்ளுக்குள் அதிரும், வலிப்புகூட வரலாம். மனச்சோர்வு மாத்திரையை இரண்டு நாள் மறந்தாலே தலைக்குள் சுரீர் சுரீரென்று மின்சாரம் வெட்டுவது போல உணர்பவர்கள் உண்டு. எதையும் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைப்பதே வழி.

மது இன்னும் தீவிரமானது. தினமும் குடித்துப் பழகியவர் சபரிமலைக்கு மாலை போடுவதற்காகவோ வேறு சபதத்துக்காகவோ ஒரே நாளில் நிறுத்தினால், ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் ஆள் குழம்பி, இல்லாததைக் கண்டு பேச ஆரம்பித்தால் அது உயிருக்கே ஆபத்து. நிறுத்த முடிவெடுத்தது பெரிய காரியம், அதை மருத்துவரின் துணையோடு செய்யுங்கள்.

"எல்லாம் பார்த்தாயிற்று, காரணம் கிடைக்கவில்லை"

பார்கின்சன் நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளியே தெரியாத உள்நடுக்கத்தைச் சொல்கிறார்கள் என்பது உண்மை. இணையத்தில் தேடும்போது இந்த வரி கண்ணில் பட்டு நானும் இரண்டு இரவு அழுதிருக்கிறேன். ஆனால் தூக்கத்தில் மட்டும் வரும் அதிர்வை வைத்து அந்த நோய் என்று யாரும் சொல்ல முடியாது. கவனிக்க வேண்டியவை வேறு: கையெழுத்து வரவரச் சிறிதாவது, நடக்கும்போது ஒரு கை வீசாமல் நிற்பது, ரசம் தாளிக்கும் வாசனைகூடத் தெரியாமல் போவது, கனவில் கத்திக் கை கால்களை வீசுவது. இவற்றில் எதுவாவது இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல், ஒரே பக்கத்தில், ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் வந்து போகும் அதிர்வுக்கும் அவரைத்தான் பார்க்க வேண்டும். அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம், மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இஇஜி தேவைப்படும். கொரோனாவுக்குப் பிறகு உள்ளதிர்வு தொடங்கியதாகச் சொல்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். உங்களுக்கும் அப்படியென்றால் அந்தத் தேதியையும் சொல்லுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் மருத்துவரிடம் போகும்போது சொல்ல வேண்டியதைச் சுருக்கி ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதிக் கொண்டுபோனது இப்படி இருந்தது: "மார்ச் முதல். வாரத்தில் ஐந்து நாள். படுத்த அரைமணியில் இரண்டு கெண்டைக்காலிலும், நடந்தால் நிற்கும். 3:30 வாக்கில் முதுகில், கட்டிலை நகர்த்தியபின் இல்லை. மாலை காபி இரண்டு. மாதவிடாய் எட்டு நாள். மாத்திரை எதுவும் இல்லை. ஃபெரிட்டின், டிஎஸ்ஹெச், பி12 பார்த்ததில்லை." அவர் அதைப் படித்துவிட்டு, பேனாவை எடுத்துக் கடைசி வரியில் இருந்த மூன்றையும் சோதனைச் சீட்டில் அப்படியே எழுதினார்.